உயிருக்கு விலையிடாத ஒப்பந்தம்: கைதிக் கப்பல்களும் ஒப்பந்தகாரர் தெரிவும், 1786 – 1815

அரசாங்க வேலையொன்றை ஒப்பந்தகாரரிடம் கையளிக்கும்போது எதனை முதன்மையாக நோக்குதல் வேண்டும் என்னும் வினா நெடுங்காலமாக இருந்துவருவதொன்றாகும். கேள்விப்பத்திரங்களுள் மிகக் குறைந்த தொகையைக் குறித்தவனுக்கே வேலையைக் கொடுத்தல் நேர்மையானது என்பர் ஒரு சாரார். அவ்வாறு கொடுத்தாற்றான் அதிகாரிகளின் தயவு தாட்சணியத்துக்கு இடமில்லாது போகும் என்பது அவர்தம் வாதம். முன்னர் ஒப்படைக்கப்பட்ட வேலையை ஒருவன் எவ்வாறு செய்து முடித்தான் என்பதை நோக்காது தொகையை மட்டும் நோக்குதல் பொதுப்பணத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வழங்குவதற்கு ஒப்பாகும் என்பர் மறு சாரார். இவ்வாதங்களைப் பொருளியல் மாணவர் தம் முறையில் ஆராய்வாராக. வரலாற்று மாணவர்க்கு இவை மனித உயிர்களைக்கொண்டே பரிசோதிக்கப்பட்ட ஒரு நிகழ்ச்சி உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்திலிருந்து அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்சுக்குத் தண்டனைக் கைதிகளைக் கொண்டுசென்ற கப்பல்களின் வரலாறே அது.

இங்கிலாந்து தன் குற்றவாளிகளைக் கடல்கடத்தியது அவுஸ்திரேலியாவில் தொடங்கியதன்று. 1718 ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் ஏறத்தாழ அறுபது ஆண்டுகளாக அவர்கள் வட அமெரிக்காவின் வேர்ஜீனியா, மேரிலாந்து ஆகிய குடியேற்றங்களுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களை ஏற்றிச்சென்றவர் வணிகர். தலைக்கு இவ்வளவு என அரசு கொடுத்த தொகை சிறிதே. வணிகனின் மெய்யான இலாபம் கரைசேர்ந்த கைதியின் உழைப்பைத் தோட்டக்காரருக்கு விற்பதிலேயே தங்கியிருந்தது. இறந்த கைதியை எவரும் வாங்கார். ஆகவே, இரக்கத்தினாலன்றெனினும் இலாபத்தின் பொருட்டேனும் கைதியை உயிரோடு கொண்டுசேர்க்க வேண்டிய தேவை அவ்வணிகனுக்கு இருந்தது. பின்னர் நிகழ்ந்தவற்றை விளங்கிக்கொள்ள இவ்வுண்மையை மனத்திற் கொள்ளல் அவசியம்.

1776 இல் அமெரிக்கப் புரட்சியோடு அவ்வழி அடைபட்டது. சிறைச்சாலைகள் நிரம்பி வழிந்தன. தேம்ஸ் நதியில் நிறுத்தப்பட்ட பழங்கப்பல்களிற் கைதிகளை அடைத்துவைக்கும் வேலை, அமெரிக்காவுக்குக் கைதிகளை ஏற்றிச்சென்ற டங்கன் கம்பெல் என்பவரிடமே ஒப்பந்தமாக விடப்பட்டது. 1776 ஓகஸ்ட் தொடக்கம் 1778 மார்ச் வரை அக்கப்பல்களில் வைக்கப்பட்ட 632 பேருள் 176 பேர் மாண்டனர் எனப் பாராளுமன்றத்திற் கூறப்பட்டது. எனினும் ஒப்பந்தம் அவரிடமே நீடித்தது. ஒப்பந்தகாரரின் கடந்தகாலச் செயலை அக்கால ஆட்சியாளர் எவ்வளவு பொருட்படுத்தினர் என்பதற்கு இதனை ஒரு முன்னறிகுறியாகக் கொள்ளலாம்.

1786 இல் நியூ சவுத் வேல்சிற் கைதிகளைக் குடியேற்றுவதென்ற முடிவு எடுக்கப்பட்டது. முதலாம் கப்பற்றொகுதியை ஆயத்தம் செய்யும் ஒப்பந்தம் இலண்டன் வணிகரான இளைய வில்லியம் றிச்சாட்சுக்குக் கிடைத்தது. பதினொரு கப்பல்கள் 1787 மே 13 ஆந் திகதி போட்ஸ்மவுத்திலிருந்து புறப்பட்டு, தெனரீப், றியோ டி ஜெனீறோ, கேப் டவுண் ஆகிய துறைகளில் தங்கி, 1788 ஜனவரி 18 தொடக்கம் 20 வரையான நாட்களில் பொட்டனி விரிகுடாவை அடைந்தன. அதுவரை எவரும் இத்தனை பேரை இத்துணைத் தொலைவுக்குக் கொண்டுசென்றதில்லை. பெருந்தொகையினர் மாள்வர் எனப் பலர் எதிர்பார்த்திருக்க, நிகழ்ந்ததோ வேறு. அக்கப்பல்களிற் சென்ற கடற்படைவீர அதிகாரியான வொட்கின் டென்ச், இங்கிலாந்தில் ஏற்றப்பட்ட 775 கைதிகளுள் 24 பேரே வழியில் இறந்தனர் எனக் கணக்கிட்டார். தேசாதிபதி ஆர்தர் பிலிப்பும் தலைமை வைத்தியர் ஜோன் வைற்றும் புதிய இறைச்சியும் மரக்கறியும் வேண்டுமென விடாது வற்புறுத்தியமை இதற்கு ஒரு காரணம். றிச்சாட்ஸ் வழங்கிய உணவுப்பொருள்கள் ஒப்பந்தகாரர் வழக்கமாக வழங்குவனவற்றிலும் பார்க்கத் தரத்தால் மிக உயர்ந்தவை என்பதை டென்ச் பெயர் குறிப்பிட்டே பாராட்டியுள்ளார். அதுவும் ஒரு காரணம்.

டென்ச்சின் நூல் 1789 இல் இலண்டனில் அச்சேறியது. அடுத்த பெரும் ஒப்பந்தம் அவ்வாண்டு ஓகஸ்ட் 27 ஆந் திகதியே கைச்சாத்தாயிற்று. அதாவது, முதலாம் ஒப்பந்தகாரன் தன் கடமையை எவ்வாறு நிறைவேற்றினான் என்பது இரண்டாம் ஒப்பந்தத்துக்குச் சில மாதங்கள் முன்னதாகவே புத்தகக் கடைகளில் விலைக்குக் கிடைத்தது. அரசாங்கம் அறியாது செய்த பிழை எனக் கூறுவார்க்கு இத்திகதிகளே தக்க விடையாகும். அத்துடன் அதே ஆண்டு ஜூலையில் 226 பெண்களுடன் புறப்பட்ட 'லேடி ஜூலியானா' என்னும் கப்பலும் றிச்சாட்சின் பொறுப்பிலேயே சென்றது. பத்து மாதங்களுக்கு மேல் நீண்ட அப்பயணத்தில் இறந்த பெண்கள் ஐவர்.

கடற்படைச் சபை ஓகஸ்டில் ஏற்றுக்கொண்டது றிச்சாட்சின் விண்ணப்பத்தையன்று. குறைந்த தொகைக்கு முன்வந்த கம்டன், கல்வேட், கிங் கம்பனியினரிடமே 'நெப்ரியூன்', 'சேர்ப்பிறைஸ்', 'ஸ்காபரோ' என்னும் மூன்று கப்பல்களுக்குமான ஒப்பந்தம் சென்றது. கப்பலேற்றப்படும் கைதியொருவருக்கு 17 பவுண் 7 சிலிங் 6 பென்ஸ் என விலை பேசப்பட்டது. உணவு, உடை, பயணம் யாவும் இதனுள் அடக்கம். கப்பலினுள் தடுப்புகள் அமைக்கப்பட்டதும் தலைக்கு 5 பவுணும், பொருள்கள் ஏற்றப்பட்டுக் கப்பல் புறப்பட ஆயத்தமானதும் 10 பவுணும் கொடுக்கப்படும். எஞ்சிய சிறு தொகை மட்டும், அரசாங்கத்தின் பண்டங்கள் சிட்னியில் ஒழுங்காக ஒப்படைக்கப்பட்டன என்று அங்குள்ள பண்டசாலை அதிகாரி அத்தாட்சிப் பத்திரம் அனுப்பியபின் கிடைக்கும். மா, உப்பிறைச்சி முதலிய பண்டங்களுக்கு அத்தாட்சி கேட்ட அரசு, ஆயிரம் மனிதருக்கு அத்தாட்சி கேட்கவில்லை. எத்தனை கைதிகள் உயிரோடு கரையேறினர் என்பதற்கும் ஒப்பந்தகாரனுக்குக் கிடைக்கும் பணத்துக்கும் யாதொரு தொடர்பும் இருக்கவில்லை.

இக்கம்பனியார் யாவர்? கடற்றொழில் அறியாத புதியவரல்லர். இலண்டனில் அடிமை வணிகம் செய்த பெரும் நிறுவனங்களுள் அவர்களதும் ஒன்று. ஈண்டு ஒரு கருத்தை நுணுகி நோக்குதல் தகும். ஒப்பந்தகாரரின் 'முன்னனுபவம்' நோக்கப்படல் வேண்டும் என்று பொதுவாகக் கூறுகின்றோம். அவ்வளவிற் கூறின் இவர்களும் தகுதியுடையவரேயாவர். கப்பல்கள் இருந்தன; மாலுமிகள் இருந்தனர்; பெருந்தொகையான மனிதரை விலங்கிட்டுப் பெருங்கடல் கடத்திய அனுபவமோ இவர்களுக்கு நிரம்ப இருந்தது. ஆனால் அவ்வனுபவம் எத்தகைய நிலைமையிற் பெறப்பட்டது என்பதை எவரும் கேட்கவில்லை. அடிமை வணிகனுக்கு மேற்கிந்தியத் தீவுகளில் உயிரோடு இறங்கிய ஒவ்வொருவனும் விற்பனைப் பொருள். வழியில் இறந்த ஒவ்வொருவனும் நட்டம். அவ்வாறிருந்தும் அக்கப்பல்களில் இறந்தோர் தொகை பெரிதாகையால், 1788 இல் பிரித்தானியப் பாராளுமன்றம் டொல்பன் சட்டத்தை இயற்றியது. கப்பலின் கொள்ளளவுக்கேற்ப ஏற்றத்தக்க அடிமைகளின் தொகையை அது வரையறுத்தது. நூற்றுக்கு இருவருக்கு மேல் இறவாதுவிடின் கப்பற்றலைவனுக்கு 100 பவுணும் வைத்தியனுக்கு 50 பவுணும் வெகுமதி எனவும் விதித்தது. ஆபிரிக்க அடிமையின் உயிருக்கென 1788 இல் விதிக்கப்பட்ட இவ்வெகுமதி, 1789 இல் இங்கிலாந்துக் கைதியின் உயிருக்கென விதிக்கப்படவில்லை. அடிமை வணிகத்தை நாம் ஒருபோதும் நியாயப்படுத்தோம். எனினும் ஒரே தலைநகரில் ஓராண்டு இடைவெளியில் இவ்விரண்டும் நிகழ்ந்தமை வியப்பைத் தருகின்றது.

1790 ஜனவரி 19 ஆந் திகதி மூன்று கப்பல்களும் புறப்பட்டன. அவற்றில் ஏற்றப்பட்ட கைதிகள் 1,006 பேர். முதலாம் தொகுதியிற் பயன்படுத்தப்படாத ஒருவகை விலங்கு இப்பொழுது பயன்படுத்தப்பட்டது. கினியாக் கரையின் அடிமைக் கப்பல்களில் வழங்கிய அவ்விலங்கில் இரு கணுக்கால்களுக்கும் இடையில் இருந்தது சங்கிலியன்று. ஒரு சாணளவான விறைத்த இரும்புக் கம்பி. அசையின் தன் இரு கால்களும் முறியும் நிலை. கடல் கொந்தளித்தபோது கீழ்த்தளத்திற் புகுந்த நீரில் நாட்கணக்காக அவர்கள் கிடந்தனர். வெளியே கொண்டுவந்து வெயிலில் விடின் கலகம் செய்வர் என்னும் அச்சத்தாற் பெரும்பாலும் கீழேயே அடைக்கப்பட்டிருந்தனர். உணவு குறைக்கப்பட்டது. அருகிற் பிணைக்கப்பட்டவன் இறந்தபின்னும் அவனது பங்கையும் பெறும்பொருட்டு அவ்விறப்பை மறைத்தவர் இருந்தனர் என அக்காலக் குறிப்புகள் கூறும். அரசாங்கத்தின் சார்பில் இவற்றைக் கண்காணிக்க நியமிக்கப்பட்டவர் ஒரே ஒருவர்: கடற்படை முகவர் லெப்டினன்ட் ஷப்கோட். மூன்று கப்பல்களுக்கும் சேர்த்து ஒருவர் என்பதே வேடிக்கை. அவரும் அவ்வாண்டு மே மாதத்தில் 'நெப்ரியூன்' கப்பலிலேயே காலமானார்.

ஜூன் மாத இறுதியிற் கப்பல்கள் சிட்னியை அடைந்தபோது 267 பேர் இறந்திருந்தனர். 'நெப்ரியூனில்' 158, 'ஸ்காபரோவில்' 73, 'சேர்ப்பிறைசில்' 36. ஏற்றப்பட்டோருள் நால்வருக்கு ஒருவர் என்னும் இவ்விகிதத்தை முதலாம் தொகுதியின் நூற்றுக்கு மூவர் என்னும் விகிதத்தோடு ஒப்புநோக்குக. கரையிறங்கியோருள் ஐந்நூறு பேரளவில் நோயாளர். நடக்கமாட்டாதவர் பலர் தூக்கி இறக்கப்பட்டனர். படகிலேயே உயிர்நீத்தாரும் உளர். நூறு பேருக்கு மேல் கரையில் மாண்டனர். பாதிரியார் றிச்சாட் ஜோன்சன் கப்பலொன்றின் கீழ்த்தளத்துக்கு இறங்கிச் சென்றார்; மற்றொன்றினுட் செல்ல நாற்றத்தால் அவருக்குத் துணிவு வரவில்லை. குடியேற்றமோ அப்பொழுது பசியின் பிடியில் இருந்தது. உணவு கொண்டுவந்த 'கார்டியன்' 1789 டிசெம்பரில் பனிப்பாறையில் மோதியிருந்தது. 'சிறியஸ்' 1790 மார்ச்சில் நோர்பொக் தீவில் உடைந்திருந்தது. இந்நிலையில், கைதிகளுக்கு உணவு போதாதிருந்த அதே கப்பல்களின் தலைவர்கள் கரையிற் கடை விரித்து, மிஞ்சிய பண்டங்களை உயர்ந்த விலைக்கு விற்றனர்.

'சேர்ப்பிறைஸ்' கப்பலில் வந்த படையதிகாரி கப்டன் வில்லியம் ஹில் 1790 ஜூலையில் எழுதிய கடிதம் இந்நிகழ்ச்சியின் காரணத்தைச் சரியாகத் தொட்டுக்காட்டுகின்றது. இதனோடு ஒப்பிடின் அடிமை வணிகம் கருணையுடையது என்று அவர் எழுதினார். அடிமைகளின் உயிரைக் காத்தல் அங்கே கப்பற்றலைவனுக்கு நலன். இங்கோ எத்துணைப் பேர் இறக்கின்றனரோ அத்துணை உணவு அவனுக்கு விற்பனைக்கு மிஞ்சும் என்பது அவர் தரும் விளக்கம். ஒப்பந்த விலையின்படி கணக்கிட்டால், கரையை அடையாத 267 பேருக்குமாகக் கம்பனிக்குரிய தொகை ஏறத்தாழ 4,640 பவுண் ஆகும். தேசாதிபதி பிலிப்பும் ஜூலை 13 ஆந் திகதிய தம் கடிதத்தில், ஒப்பந்தகாரர் அளவுக்கு மிஞ்சிய தொகையினரை ஏற்றியமையும் பயணத்தின்போது அவர்களை மிகுதியாக அடைத்துவைத்தமையுமே காரணம் என அமைச்சருக்கு அறிவித்தார்.

அக்கடிதம் இலண்டனை அடையப் பல மாதங்கள் ஆயின. அது சேருமுன்னர், 1790 நவெம்பரில், மூன்றாம் கப்பற்றொகுதிக்கான ஒப்பந்தமும் அதே கம்பனிக்கே வழங்கப்பட்டுவிட்டது. இம்முறை ஏறத்தாழ இரண்டாயிரம் கைதிகள்! கடந்தகாலச் செயலை நோக்கி ஒப்பந்தம் வழங்குக என்னும் கொள்கையின் மிகப் பெரிய இடர்ப்பாடு இங்கேதான் வெளிப்படுகின்றது. செயல் பற்றிய செய்தி, அடுத்த ஒப்பந்தத்துக்கு முன்னர் வந்தடைதல் வேண்டும். உலகின் மறு பக்கத்திலிருந்து பாய்க்கப்பலில் அச்செய்தி வரும்வரை பொறுத்திருக்க நிரம்பிய சிறைச்சாலைகள் இடந்தரவில்லை என அதிகாரிகள் கருதியிருத்தல் கூடும். எனினும் இரண்டாம் தொகுதியின் பெறுபேற்றை அறியாதவர்கள், முதலாம் தொகுதியின் பெறுபேற்றை அறிந்திருந்தனர் என்பதையும் மறத்தலாகாது. தெரிந்த நற்செயலைப் புறக்கணித்து, தெரியாத செயலுக்கு இரண்டாம் முறையும் பரிசளித்தமையே அவர்கள் செய்தது.

1791 இல் வந்த மூன்றாம் தொகுதியில் இறந்தோர் இருநூறு பேரளவினர். விகிதம் குறைந்தது உண்மையே. ஆயினும் அயர்லாந்தின் கோர்க் துறையிலிருந்து வந்த 'குவீன்' கப்பலின் கைதிகள் எலும்புக் கூடுகளாய் இறங்கினர். பிலிப்பின் பணிப்பின்பேரில் நீதவான்கள் விசாரணை நடத்தி, உணவு நிறை குறைத்து வழங்கப்பட்டதை உறுதிசெய்தனர். கப்பலாரைத் தண்டிக்கும் அதிகாரம் தமக்குண்டோ என ஐயுற்ற தேசாதிபதி, சாட்சியங்களை இலண்டனுக்கு அனுப்புவதோடு அமைந்தார். 1792 இல் 'நெப்ரியூன்' தலைவன் டொனால்ட் ட்ரெயிலும் அவனது துணைவனும் கொலைக் குற்றச்சாட்டின்பேரில் ஓல்ட் பெய்லியில் நிறுத்தப்பட்டனர். இருவரும் விடுதலையாயினர். ஒப்பந்தத்திற் கையொப்பமிட்ட பங்காளிகள் எந்த நீதிமன்றத்திலும் நிறுத்தப்படவில்லை. ஒப்பந்தத்தின் வாசகப்படி நோக்கின் அவர்கள் மீறியது மிகக் குறைவு என்பதும் கசப்பான உண்மையே.

இவ்வரலாற்றைக் கூறும் பொருளியலார் சிலர் அடுத்த கட்டத்தை மிக எளிதாக்கிவிடுவர். கைதியை ஏற்றும்போதன்றி இறக்கும்போது பணம் கொடுக்கும் முறை புகுத்தப்பட்டது. உடனே இறப்புகள் நின்றன என்பது அவர்கள் கூறும் கதை. கதை அழகானது, ஆனால் முழு உண்மையன்று. 1793 இல் வந்த கப்பல்களில் இறப்புகள் ஒன்றிரண்டாகக் குறைந்தன என்பது மெய். ஆனால் 1798 டிசெம்பரிற் புறப்பட்ட 'ஹில்ஸ்பறோ' கப்பலை இவர்கள் குறிப்பிடுவதில்லை. அதன் ஒப்பந்தத்தில் ஏற்றப்படும் கைதிக்கு 18 பவுணும், உயிரோடு இறங்கும் கைதிக்கு மேலதிகமாக 4 பவுண் 10 சிலிங் 6 பென்சும் விதிக்கப்பட்டிருந்தன. சிறைக்கப்பல்களிலிருந்து தைபசுக் காய்ச்சலோடு வந்த கைதிகளை வைத்தியரின் எச்சரிக்கையையும் மீறி ஏற்றினர். முந்நூறு பேருள் 95 பேர் வழியில் மாண்டனர். மூன்றிலொரு பங்கு! வெகுமதியைக் காட்டிலும் பெரிதான தொகை முன்னரே கைக்கு வந்துவிட்டதும், நோயைக் கப்பலேறுமுன் தடுக்க அதிகாரம் பெற்றவர் எவரும் இல்லாதிருந்ததுமே இதற்குக் காரணங்கள் எனலாம்.

ஆகவே பணம் கொடுக்கும் முறை மட்டும் போதாது. நல்ல ஒப்பந்தகாரனைத் தெரிதல் மட்டும் போதுமோ எனின் அதுவும் ஐயத்துக்குரியதே. றிச்சாட்சின் வெற்றியில் பிலிப், வைற் ஆகியோரின் பங்கு எவ்வளவு என்பதைப் பிரித்தறிதல் எளிதன்று. தேசாதிபதி தாமே உடன்சென்ற கப்பலில் ஒப்பந்தகாரன் நல்லவனாய் இருத்தல் இயல்பு. ஆயினும் 'லேடி ஜூலியானா' கப்பலில் எந்தத் தேசாதிபதியும் இருக்கவில்லை என்பதை நோக்கும்போது, அவரது பெயருக்குரிய மதிப்பு வெறும் தற்செயலன்று என்றே கொள்ளல் வேண்டும்.

நிலையான மாற்றம் வர மேலும் கால் நூற்றாண்டு சென்றது. 1814 இல் 'ஜெனரல் ஹியூவிற்', 'த்ரீ பீஸ்', 'சறி' என்னும் மூன்று கப்பல்கள் மீண்டும் பிணங்களோடும் காய்ச்சலோடும் வந்தன. தேசாதிபதி மக்குவாரி இதனை ஆராயும் பொறுப்பை உதவி வைத்தியர் வில்லியம் ரெட்பேர்னிடம் ஒப்படைத்தார். ரெட்பேர்ன் தாமே ஒரு காலத்திற் கைதி. 1797 ஆம் ஆண்டு நோர் கடற்படைக் கலகத்திற் சம்பந்தப்பட்டமைக்காகத் தண்டிக்கப்பட்டு 1801 இல் கைதிக் கப்பலில் வந்திறங்கி, பின்னர் மன்னிப்புப் பெற்றவர். கப்பலின் கீழ்த்தளம் எத்தகையது என்பதைப் பிறர் சொல்லக் கேட்டு அறியவேண்டிய நிலை அவருக்கு இருக்கவில்லை. உடை, உணவு, துப்புரவு, காற்றோட்டம் என ஒவ்வொன்றையும் ஆராய்ந்த அவரது அறிக்கை, ஒப்பந்தகாரனின் சம்பளம் பெறாத, அரசாங்கத்துக்கே பொறுப்புடைய வைத்தியர் ஒருவர் ஒவ்வொரு கப்பலிலும் இருத்தல் வேண்டும் என வற்புறுத்தியது. 1815 முதற் கடற்படை வைத்தியர்கள் அவ்வாறு நியமிக்கப்பட்டனர். நாள்தோறும் நோயாளர் தொகை, சிகிச்சை, இறப்பு ஆகியவற்றைக் குறித்து, பயண முடிவில் அக்குறிப்பேட்டை இலண்டனில் ஒப்படைப்பது அவர்களின் கடமையாயிற்று. அதன்பின் கைதிகளை அனுப்புதல் 1868 இல் நிறுத்தப்படும்வரை, ஒருசில கப்பல்கள் நீங்கலாக, இறப்பு விகிதம் பொதுவாக நூற்றுக்கு ஒன்றை அண்டியதாகவே இருந்தது. அவ்வைத்தியர்களின் குறிப்பேடுகள் பல இன்றும் இலண்டன் தேசிய சுவடிக்கூடத்தில் உள்ளன.